பாதி பாகங்கள் இல்லாத பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிச் சீர்செய்யலாமா?

நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். 1950களின் கடைசியில் வந்த ஜாவா 250. பல வருடமாக ஓடாமல் நிற்கிறது, என்ஜின் ஜாம். கார்புரேட்டர், ஹெட்லைட், சீட், ஒரு பக்கத்துச் சைலன்சர் இல்லை. கழற்றிய சில சாமான்கள் ஒரு சாக்கு மூட்டையில் கிடக்கின்றன. விலை ரொம்பக் குறைவு. விற்பவர் "இல்லாததெல்லாம் வெளியே கிடைக்கும்" என்கிறார்.

விலையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். இந்த மாதிரி வண்டிக்கு ஆகப்போகும் மொத்தச் செலவில் வாங்கும் விலை பெரும்பாலும் சின்னப் பங்குதான். எது இல்லை என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "எல்லாம் கிடைக்கும்" என்று யார் சொன்னாலும், இல்லாத ஒவ்வொன்றையும் நீங்களே நாலு இடத்தில் விசாரித்து, விலையைக் குறித்துக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

டயர், ட்யூப், செயின், கேபிள், ஆயில் சீல், பேரிங் எல்லாம் வண்டி முழுசாக இருந்தாலும் புதிதாகத்தான் போடப் போகிறீர்கள். அவை இல்லை என்று வருத்தப்பட வேண்டாம். சீட்டும் அப்படித்தான், தகடு அடித்துத் தைத்துவிடலாம். சைலன்சர் கொஞ்சம் வேறு கதை. இந்த மாடலில் சிலிண்டர் ஒன்று, எக்ஸாஸ்ட் குழாய் இரண்டு, சைலன்சர் இரண்டு. புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் ஒன்று மட்டும் வாங்கினால் பழையதன் குரோமும் புதியதன் குரோமும் ஒட்டாது. ஜோடியாகவே கணக்குப் போடுங்கள்.

ஹெட்லைட்தான் என்னை யோசிக்க வைக்கிறது. இந்த வண்டியில் அது தனியாகத் தொங்கும் விளக்கு இல்லை. முன் ஃபோர்க்கின் தலையை மூடியபடி ஒரு பெரிய கூடு. ஸ்பீடோமீட்டரும் இக்னிஷன் சுவிட்சும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே "ஹெட்லைட் இல்லை" என்றால் கூடு, கண்ணாடி, ரிஃப்ளெக்டர், வளையம், மீட்டர், சுவிட்ச் என்று ஒரு கூட்டமே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இவற்றைத் தனித்தனியாகத் தேடினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தரத்தில் வரும், ஒன்றின் துளை இன்னொன்றோடு பொருந்தாது. மூட்டைக்குள் அந்தக் கூடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மீட்டர் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, பொருள் இருந்தால் போதும்.

கார்புரேட்டர் இல்லாததும் கவலைதான், ஆனால் கார்புரேட்டருக்காக இல்லை. அந்தக் காலத்து ஜிகோவ் கார்புரேட்டர் கிடைக்காவிட்டால் அதே அளவுத் துளையுள்ள வேறொன்றை மாட்டி, ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) மாற்றி ஓட்டிவிடலாம். இது டூ ஸ்ட்ரோக் என்ஜின். கார்புரேட்டர் வழியாக வரும் கலவை முதலில் போவது கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கும் அறைக்குத்தான். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு அந்த வாயை மூடாமல் விட்டிருந்தால் ஈரம் நேராக கிராங்க் பேரிங்குக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனைக்கும் இறங்கியிருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் என்ஜின் உள்ளே துருப்பிடித்துக் கிடப்பது இப்படித்தான். ஆகவே பார்க்கப் போகும்போது அந்த வாயில் துணி அடைத்திருக்கிறதா, கூடு கட்டிய பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்ற விட்டார்களானால் இன்னும் நல்லது. புகை வெளியேறும் அந்தத் துளை (போர்ட்) வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டையும், அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ரிங்கையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஜாம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. ரிங் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிளக் துளை வழியாக டீசலோ துரு இளக்கும் எண்ணெயோ ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, கிராங்க் முனையில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் பல சமயம் விட்டுவிடும். கிக்கர் மேல் ஏறிக் குதிக்க யாரையும் விடாதீர்கள். ஜாவாவில் கியர் லீவரும் கிக்கரும் ஒரே தண்டு. உள்ளே பல் உடைந்தால் அதற்காகவே என்ஜினைத் திறக்க வேண்டிவரும். விடுபட்ட பிறகு சிலிண்டர் லேசாக அரித்திருந்தால் போர் போட்டு, அதாவது உட்சுவரைக் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கி, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். சிலிண்டரின் மூல அளவு 65 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. ஏற்கெனவே பல தடவை போர் போட்டு முடித்த சிலிண்டர் என்றால் உள்ளே புதுக் குழாய் (ஸ்லீவ்) இறக்குவதுதான் வழி. கிராங்க் கெட்டிருந்தால்தான் நிஜமான வேலை. அது பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது. பிரித்து, ராட் கிட் (புதுக் கனெக்டிங் ராடும் அதன் பேரிங்கும்) போட்டு, மறுபடி நேர் பார்த்துச் சேர்க்க அனுபவமுள்ள கை வேண்டும். அந்தக் கை எங்கே இருக்கிறது என்று வண்டி வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, யாரும் பட்டியலில் எழுதாத சாமான்கள். ஸ்பேசர், புஷ், வாஷர், ஸ்டே, பிராக்கெட், விசேஷ நட்டு. என் அனுபவத்தில் வேலையை மாதக்கணக்கில் இழுத்தவை இவைதான். மூட்டையாக வந்த ஒரு பழைய வண்டியை நான் சேர்த்தபோது பின் சக்கர அச்சில் வரவேண்டிய ஒரு ஸ்பேசர் இல்லை. விரல் நீளம்கூட இல்லாத குழாய்த் துண்டு. அது இல்லாமல் சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கி, செயின் ஸ்ப்ராக்கெட்டின் மேல் கோணலாக ஏறியது. லேத்தில் கடைந்துவிடலாம், ஆனால் எந்த அளவுக்குக் கடைவது? அதே மாடலை முழுசாக வைத்திருந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, வெர்னியர் வைத்து அளந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அதனால்தான் ஓடாவிட்டாலும் முழுசாகச் சேர்ந்து நிற்கும் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கச் சொல்கிறேன். எது எங்கே உட்கார்ந்தது என்பதை அந்த வண்டியே காட்டிவிடும்.

உங்களுக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது. ஒரே சிலிண்டர், வால்வு இல்லை, கேம் இல்லை, டேப்பெட் இல்லை. கையால் வேலை பழக இதைவிட நல்ல என்ஜின் அரிது. 1969இல் வந்த ஹோண்டா சிபி750 இதே நிலையில் இருந்தால் நான்கு கார்புரேட்டர், நான்கு சைலன்சர் என்று போகும், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளுக்கு விட்வொர்த் அளவு ஸ்பேனர் செட்டே தனியாக வாங்க வேண்டும். ஜாவா முழுக்க மில்லிமீட்டர்.

பெட்ரோல் டேங்கின் அடியைத் தட்டிப் பாருங்கள், மட்கார்டில் காந்தம் வையுங்கள். ஒட்டாத இடம் பட்டி பூசிய இடம்.

காகிதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். எண் இருக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு, அரம் போட்ட தடமோ புதிதாகக் குத்திய எழுத்தோ தெரிகிறதா என்று பாருங்கள். காகிதம் இல்லாத வண்டியைச் சாமானுக்காக வேண்டுமானால் வாங்கலாம். சாலையில் ஓட்டும் எண்ணத்தோடு வாங்காதீர்கள், அதுவும் திருட்டு வண்டி இல்லை என்று உறுதியான பிறகே.

ஒன்றைக் கேட்காமல் விட்டால் சரியாக இராது. உங்களுக்கு வேண்டியது ஓட்ட ஒரு ஜாவாவா, கையில் எடுத்துச் செய்ய ஒரு வேலையா? ஓட்டத்தான் என்றால் ஓடும் வண்டியையே தேடுங்கள், கடைசியில் அதுதான் செலவு குறைவு. சீர்செய்து லாபத்துக்கு விற்கலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பலிக்காது. மாலையில் இரண்டு மணி நேரம் துருவைத் தேய்த்துவிட்டு மகிழ்ச்சியோடு தூங்கப் போகிறவர் நீங்கள் என்றால், இது உங்களுக்கான வண்டியாக இருக்கலாம்.

என் முடிவு இது. எண்கள் பொருந்தி, மூட்டையில் ஹெட்லைட் கூடும் மீட்டரும் இருந்தால், என்ஜின் ஜாமாக இருந்தாலும் வாங்குங்கள். எண்கள் பொருந்தி, கூடு இல்லை என்றால், அந்தக் கூட்டத்தின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள், இறங்கி வராவிட்டால் விட்டுவிடுங்கள். எண் பொருந்தாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். போவதற்கு முன் அந்த மாடலின் பார்ட்ஸ் கேட்டலாக்கைத் தேடி அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகமும் எண் போட்டு வரைந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் போய், மூட்டையைத் தரையில் கொட்டி, படத்தோடு ஒப்பிட்டு இருப்பதை டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். டிக் விழாதவற்றுக்கு விலை விசாரித்துவிட்டு மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.