வேதாகமத்தில் ஏசாயா 14, எசேக்கியேல் 28 ஆகிய அதிகாரங்கள், பாவம் செய்து விழுந்துபோன தேவதூதர்களைப் பற்றிய தீர்க்கதரிசனங்களா? நம்மூர்க் கோயில் கொடை விழாக்களில் வணங்கப்படும் தெய்வங்கள் அந்தத் தூதர்கள்தானா?

முதல் கேள்விக்கு என் பதில்: அந்த இரண்டு அதிகாரங்களும் மனிதர்களைப் பற்றியவை, அதிலும் சிங்காசனத்தில் இருந்த மனிதர்களைப் பற்றியவை. இரண்டாவது கேள்விக்கு: இல்லை, அப்படிச் சொல்ல வேதத்தில் ஆதாரம் கிடையாது. நான் திருநெல்வேலித் திருமண்டலத்தில் ஞானஸ்நானம் பெற்று, எங்கள் சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறவன். பிசாசு உண்டு என்று நம்புகிறவன். அந்த நம்பிக்கையோடுதான் இதை எழுதுகிறேன்.

ஏசாயா 14-ஐப் பலரும் 12-ஆம் வசனத்தில் தொடங்குகிறார்கள். விடிவெள்ளி வானத்திலிருந்து விழுந்தது என்றதும் சாத்தானின் கதை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் 4-ஆம் வசனமே இது பாபிலோன் ராஜாவின்மேல் சொல்லப்படும் வாக்கியம் என்கிறது. 8-ஆம் வசனத்தில் லீபனோனின் கேதுரு மரங்கள் சந்தோஷப்படுகின்றன: நீ விழுந்த நாள் முதல் எங்களை வெட்ட ஒருவனும் வரவில்லை என்று. கிழக்கேயிருந்து வந்த பேரரசர்கள் தங்கள் அரண்மனைகளுக்காக அந்த மலைக்காட்டை அழித்தார்கள். கேதுரு வெட்டிக் கொண்டுபோனதை நேபுகாத்நேச்சார் லீபனோன் பாறையிலேயே பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான். செங்கல் சூளைக்காகப் பனைகள் வரிசையாகச் சாய்வதைப் பார்த்திருக்கும் தேரிக்காட்டு மக்களுக்கு இந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. தொடர்ந்து வாசித்தால் புழுக்கள் அவனுக்குப் படுக்கை, பூச்சிகள் போர்வை. 19-ஆம் வசனத்தில் அவன் பிணம் கல்லறைக்குப் புறம்பே எறிந்துவிடப்படுகிறது. தூதனுக்கு ஏது பிணம்?

எசேக்கியேல் 28 இதைவிடக் கடினமானது, ஒத்துக்கொள்கிறேன். தீரு நகரத்தின் ராஜாவைப் பார்த்து, ஏதேனில் இருந்தாய், அபிஷேகம் பெற்ற கேரூப் (தூதர்களில் ஒரு வகை), அக்கினி மயமான கற்களின் நடுவே உலாவினாய் என்றெல்லாம் சொல்லப்படுகிறது. ஆனால் அதே அதிகாரத்தின் 2-ஆம் வசனம், நீ மனுஷனே, தேவன் அல்ல என்று அறைந்து சொல்கிறது. அவன்மேல் சுமத்தப்படும் குற்றம் அநீதியான வியாபாரம். முந்தைய அதிகாரம் முழுவதும் தீருவின் கப்பல்களும் வெள்ளியும் இரும்பும் யானைத் தந்தமும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: இதே தீர்க்கதரிசி 31-ஆம் அதிகாரத்தில், ஏதேனின் மரங்களே பொறாமைப்பட்ட கேதுரு என்று அசீரியனை வர்ணித்து, அதைக் காட்டிப் பார்வோனை எச்சரிக்கிறார். அதற்காக அசீரியனையோ பார்வோனையோ தேவதூதன் என்று யாரும் சொல்வதில்லை. ராஜாக்களின் உயரத்தையும் வீழ்ச்சியையும் சொல்ல ஏதேனை எடுத்தாள்வது எசேக்கியேலின் வழக்கம்.

சாத்தானோடு இந்தப் பகுதிகளை இணைத்தவர்கள் பிற்காலத்து ஆட்கள் அல்ல. ஆதித் திருச்சபையின் ஆசிரியரான தெர்த்துல்லியன் எசேக்கியேல் 28-ஐ அப்படி வாசித்தார். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் இரண்டு அதிகாரங்களையும் அப்படியே எடுத்துக்கொண்டார். லூக்கா 10:18-இல் சாத்தான் மின்னலைப்போல விழக் கண்டேன் என்று ஆண்டவர் சொன்னது அவர்களுக்குத் துணை நின்றது. ஏசாயா விஷயத்தில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் கால்வினும் இதை மறுத்தார்கள். இரண்டு அர்த்தமும் உண்டு என்று சொல்லும் நல்ல போதகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ராஜாவை மறந்துவிட்டு சாத்தானை மட்டும் பேசும்போது, ஏழையை நசுக்கியவனுக்கு விழ வேண்டிய அடி அவன்மேல் விழாமல் போகிறது. அதுதான் என்னை வருத்துகிறது.

தூதர்கள் பாவம் செய்ததை வேதம் நேரடியாகச் சொல்லும் இடங்கள் கொஞ்சம்தான். 2 பேதுரு 2:4, யூதா 6. இரண்டிலும் அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டு இருளில் நியாயத்தீர்ப்புக்காக வைக்கப்பட்டிருக்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 12-இல் மிகாவேல் என்ற தூதன் சாத்தானாகிய வலுசர்ப்பத்தோடு யுத்தம்பண்ணுகிறான், ஆனால் அது ஆதியில் நடந்ததாக அங்கே இல்லை: ஆண்பிள்ளை பிறந்து தேவனிடத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகே அந்த யுத்தம் சொல்லப்படுகிறது. தூதர்களில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது என்று மேடையில் முழங்குவதற்கு அந்த அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தில் வரும் நட்சத்திரங்களைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

இனி நம் ஊர்த் தெய்வங்கள். கால்டுவெல் முதலான மிஷனரிகள் இங்குள்ள வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று எழுதினார்கள். அந்தப் பேச்சு நம் பிரசங்கங்களில் இன்னும் ஓயவில்லை. ஆனால் வில்லுப்பாட்டில் என்ன பாடுகிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டால், அங்கே பலர் அநியாயமாகச் செத்த மனிதர்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருக்கும் முத்துப்பட்டன், பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போராடி உயிர்விட்டவன் என்பது பாட்டு. அவனை நான் வணங்குவதில்லை. அதற்காக, அவன் யூதா நிருபத்தில் சங்கிலியில் கிடக்கும் தூதன் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? அஞ்ஞானிகள் பேய்களுக்கே பலியிடுகிறார்கள் என்ற 1 கொரிந்தியர் 10:20-ஐ எடுத்துக் காட்டுவீர்கள். பவுல் அங்கே விசுவாசிகளை எந்தப் பந்தியில் சேரக்கூடாது என்று எச்சரிக்கிறார். அண்டைவீட்டாரின் தெய்வத்துக்கு வம்சாவளி எழுதவில்லை.

இந்தக் குழப்பத்தால் மனிதர்கள் அடிபடுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், பிரசவமாகிச் சில வாரங்களே ஆன ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தி, வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் அவள் நெற்றியை அழுத்திக்கொண்டு, “எந்தத் தூதன் நீ? பெயரைச் சொல்!” என்று மைக்கில் அதட்டினார். அவளுக்குப் பல நாட்களாகத் தூக்கமில்லை. கண் சிவந்து, நைட்டிமேல் போட்டிருந்த துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையிலிருந்து ஓர் ஆச்சி எழுந்து போய், “ஐயா, விடுங்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்” என்று கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார். மறுநாள் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் மருத்துவரிடம் காட்டினார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனநோய்க்கு மருந்து கொடுத்தார்கள், சில மாதங்களில் தேறிவிட்டாள்.

அந்தப் பிரசங்கியார் மேற்கோள் காட்டியது யூதா 6. மூன்று வசனம் தாண்டி வாசித்திருந்தால், மோசேயின் சரீரத்தைக் குறித்துப் பிசாசோடு தர்க்கித்த பிரதான தூதனாகிய மிகாவேலே அவனைத் தூஷணமாகக் குற்றப்படுத்தத் துணியாமல், கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக என்று மட்டும் சொன்னதைக் கண்டிருப்பார்.