ஆட்டிசம் குழந்தையும் வீட்டு நாயும்: சிறப்புக் கல்வி ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (ஒரு தாய், மதுரை): ஆட்டிசம் உள்ள என் ஏழு வயது மகன் அயலாரைக் கண்டால் ஒளிந்துகொள்கிறான். நாய் வளர்த்தால் துணிச்சல் வருமா?

பதில்: வரக்கூடும். மனிதர்கள் எதிரே நின்றால் பேச்சு, பார்வை, எதிர்பார்ப்பு மூன்றையும் அவன் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருக்கிறது. நாயோ அவனிடம் பதில் எதையும் கேட்பதில்லை. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான உளவியலாளர் போரிஸ் லெவின்சன், எவரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் தம்முடைய நாய் ஜிங்கிள்ஸிடம் தானாகவே நெருங்கியதைக் கவனித்து, நாயைச் சிகிச்சையில் துணையாகக் கொள்ளலாம் என்று 1962இல் கட்டுரை எழுதினார்.

வீட்டில் இதைச் சிறு வேலையிலிருந்து தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் நாயின் கிண்ணத்தில் அவன் தண்ணீர் ஊற்றட்டும். அது பழகியபின் நீங்கள் நாயைப் பிடித்துக்கொள்ள, அவன் உடன் நடக்கத் தெருமுனைக் கடைவரை போய்வாருங்கள். கடைக்காரரின் கண் நாயின்மீதுதான் இருக்கும், "இதன் பெயர் என்ன?" என்று அவர் கேட்கும்போது, தன் பெயரைச் சொல்லத் தயங்குகிற பிள்ளை நாயின் பெயரைச் சொல்லிவிடுவதுண்டு. அவன் சொல்லாவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள். வீட்டில் இருவரையும் ஒருபோதும் தனியே விடாதீர்கள்.

கேள்வி (கோவை): ராஜபாளையம் நாய் வாங்கலாமா?

பதில்: முதல் நாயாக வேண்டாம்; வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம் அது. எந்த இனமானாலும் குழந்தையை அதனுடன் தனியே விடாதீர்கள்.

கேள்வி (திருச்சி): நாய் வந்தால் ஆட்டிசம் குணமாகுமா?

பதில்: ஆகாது. ஆட்டிசம் நோயன்று; மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு.

கேள்வி (ஒரு தாய், சேலம்): என் மகள் திடீரென்று சாலைக்கு ஓடிவிடுகிறாள். அவளை நாயோடு கயிற்றால் பிணைத்துவிடலாமா? கனடாவில் அப்படிச் செய்கிறார்களே.

பதில்: அங்கே அதற்கென்றே நெடுநாள் பயிற்றுவிக்கப்பட்ட நாய், பெரியவர் ஒருவரின் கட்டளைக்கு நின்று குழந்தையைத் தடுக்கிறது. வீட்டு நாய் பூனையைக் கண்டால் ஓடும். குழந்தையும் இழுபட்டு விழுவாள். பிணைக்காதீர்கள்.

கேள்வி (சென்னை): சேலத்துத் தாய்க்குச் சொன்னதை ஏற்க முடியவில்லை. பயிற்சி பெற்ற நாய் எங்களுக்கு எங்கே கிடைக்கும்? கயிறு இருந்தால் உயிராவது மிஞ்சுமே.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, சாலையில் பிள்ளையைத் தவறவிடும் பயத்தோடு வாழும் பெற்றோர் பலரை நான் அறிவேன். ஆயினும் ஓடும் குழந்தையின் முழு எடையும் நாயின் உடலில் விழும்போது அது மிரண்டு கடிக்க நேர்ந்தால், குழந்தை தன் ஒரே நண்பனையும் இழப்பாள். நாயின் வாரில் இரண்டு கயிறுகளைக் கோத்து, முதன்மைக் கயிற்றைப் பெரியவர் பிடிக்க, குழந்தை இன்னொன்றைக் கையில் மட்டும் பிடிக்கட்டும். விரும்பியபோது அவள் விட்டுவிடலாம். பெரியவரின் மறு கை குழந்தைக்கு உரியது.

கேள்வி (சேலத்துத் தாய், மீண்டும்): நான் ஒருத்தியே இருவரையும் அழைத்துச் செல்ல வேண்டுமே?

பதில்: அப்படியானால் சாலைக்கு வேண்டாம், அம்மா. வாயிலை மூடிய முற்றமோ மொட்டை மாடியோ போதும். அங்கும் உடன் இருங்கள்.

கேள்வி (ஈரோடு): நாய் வளர்த்தால் பேச்சு வந்துவிடுமா?

பதில்: திருச்சி வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். பேச்சுப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மகள் கட்டிப்பிடிக்கும்போது நாய் கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்புகிறது. தூக்கமா?

பதில்: பெரும்பாலும் அசௌகரியம். உதட்டை நக்குவதும் உடல் விறைப்பதும் அத்தகையவையே; இவற்றை மகளுக்குப் படங்களால் கற்பியுங்கள். பேசாத குழந்தை கீறலைச் சொல்லாது என்பதால் தினமும் உடலைப் பாருங்கள். பல் பட்டிருந்தால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.