தினமும் உணவங்காடியில் சாப்பிடும் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவதால், காலையும் மதியமும் சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்திலிருக்கும் உணவங்காடி நிலையத்தில்தான் சாப்பாடு. சமைத்து வைத்துவிட்டுப் போனாலும் தொடமாட்டார், நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என்ன செய்வது?

பதில்: சமைத்து வைப்பதை முதலில் விட்டுவிடுங்கள். அந்த மேசையில் இருக்கும் கூட்டாளிகளை உங்கள் சாம்பார் ஜெயிக்காது. கடை அதே கடையாக இருக்கட்டும். அங்கே நின்று என்ன சொல்லி வாங்குகிறார் என்று பார்ப்போம்.

காப்பியில் ஆரம்பிக்கலாம். "நான் கோப்பி-ஓதான் குடிக்கிறேன், சர்க்கரை எப்படி ஏறும்?" என்று என்னிடம் கேட்ட பெரியவர்கள் நிறையப் பேர். கோப்பி-ஓவில் பால்தான் இல்லை, சீனி தாராளமாக உண்டு. வெறும் 'கோப்பி' என்றால் டின்னில் வரும் இனிப்புப் பால். கோப்பி-சியில் இனிப்பில்லாத டின் பால், ஆனால் சீனி தனியாகச் சேரும். 'கோசோங்' என்று சொன்னால்தான் சீனி வராது. 'சியூ டாய்' என்றால் சீனி குறைவு, அவ்வளவுதான். பால் இல்லாமல் இறங்காது என்றால் கோப்பி-சி கோசோங் கேட்கட்டும். ஒரேயடியாக மாற்றினால் முகம் சுளிப்பார். இரண்டு வாரம் சியூ டாய், அப்புறம் கோசோங்.

காலைக்குப் பரோட்டாவைவிடத் தோசை மேல். பரோட்டாவில் மைதாவோடு கொழுப்பும் கூட. அதை வாரத்தில் ஒருநாளைக்கு வைத்துக்கொள்ளட்டும். நானும் சனிக்கிழமை தேக்காவில் பரோட்டா சாப்பிடுகிறவன்தான், முழுசாக விடச் சொல்ல எனக்கு வாய் வராது.

ரத்தக்கொதிப்புக்குப் பெரிய எதிரி உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர்கள் சராசரியாகச் சாப்பிடுவது சுமார் 9 கிராம். உணவங்காடியில் இதில் பெரும்பங்கு குழம்பிலும் சூப்பிலும் சாஸிலும் ஒளிந்திருக்கிறது. மீன் சூப், யோங் தாவ் ஃபூ (தோஃபு, காய்கறி, மீன் உருண்டை என்று நாமே எடுத்துக் கொடுத்தால் சூப்பில் போட்டுத் தருவது) எல்லாம் நல்ல தேர்வுதான். ஆனால் மீனையும் தோஃபுவையும் கீரையையும் சாப்பிட்டுவிட்டு, சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிட வேண்டும். கடைசிச் சொட்டு வரை குடிப்பவர்களுக்கு இது கஷ்டம்தான்.

கலவைச் சோற்றுக் கடையில் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும். கடைக்காரர் சோற்றைப் போட்ட கையோடு கரண்டியைக் குழம்புக்குள் விட்டுவிடுவார். நாம் கறியைக் காட்டி முடிப்பதற்குள் தட்டு மிதக்கும். அதனால் வாயைத் திறந்ததுமே "சோறு பாதி, குழம்பு வேண்டாம்". மலாய்க் கடையில் "கூவா சிக்கிட்" போதும், குழம்பு கொஞ்சமாக வரும். பிறகு இரண்டு காய்கறி, ஒரு மீன் அல்லது கோழி. பொரித்தது ஒன்றுக்கு மேல் வேண்டாம். மேசையில் உட்கார்ந்ததும் காய்கறியையும் மீனையும் முதலில் முடித்துவிட்டு, சோற்றுக்குக் கடைசியில் வரட்டும். சாப்பிட்டபின் சர்க்கரை சட்டென்று ஏறுவது குறையும். சிக்கன் ரைஸ் கடையில் தோல் நீக்கிய கோழியும் வெள்ளைச் சோறும் கேட்கலாம். அந்த வாசனைச் சோறு கோழிக்கொழுப்பில் தாளித்து வேகவைத்தது.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அரட்டையில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போகக்கூடாது. அவருடைய மாத்திரை அந்த ரகமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒருநாள் லீவு போட்டு அவரோடு நீங்களும் போய் வாருங்கள். கடைக்கார அங்கிள்களிடம் நீங்களே ஒருமுறை சொல்லிவிட்டால், அப்பாவுக்குக் கேட்கும் கூச்சம் இருக்காது. தினமும் வருகிறவரின் கணக்கை அவர்கள் மறப்பதில்லை. சில நாளில் அப்பாவின் தலையைப் பார்த்ததுமே உள்ளே குரல் போகும்: "கோப்பி-சி கோசோங், ஒண்ணு!"