மகன் அமெரிக்க ராணுவத்தில் இருந்தால் பெற்றோருக்குக் கிரீன் கார்டு கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். நான் 2002ஆம் ஆண்டு மூன்று வயது மகளுடன் பார்வையாளர் விசாவில் விமானத்தில் வந்தேன். காலக்கெடு முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டோம். என் கணவர் அதே ஆண்டின் இறுதியில் மெக்சிகோ எல்லை வழியாக வந்தார். அடுத்த ஆண்டு மகன் இங்கே பிறந்தான். அவனுக்கு இப்போது 22 வயது. ராணுவத்தில் சேர்ந்து டெக்சாஸில் இருக்கிறான், சில மாதங்களில் தென் கொரியாவுக்குப் போகிறான். மகளுக்கு 17 வயதில் டாகா பாதுகாப்பு (சிறுவயதில் அழைத்துவரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் தற்காலிகமாகக் காக்கும் ஏற்பாடு) கிடைத்தது. இடைவெளியின்றிப் புதுப்பித்து வருகிறோம். வீட்டில் ஒருவர் ராணுவத்தில் சேர்ந்தால் எல்லோருக்கும் கிரீன் கார்டு கிடைக்கும் என்கிறார்கள். கணவர் கொழும்புக்குப் போய் விசா எடுத்துத் திரும்பலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: முதலில் முகவர் சொன்னதற்கு விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில்தான் ஆபத்து அதிகம். உங்கள் கணவர் இப்போதைய நிலையில் அமெரிக்காவை விட்டு வெளியேறவே கூடாது. அனுமதியின்றி ஓராண்டுக்கும் மேல் தங்கியவர் நாட்டை விட்டுச் சென்றால், பத்து ஆண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. உள்ளே இருக்கும்வரை அந்தத் தடை உறங்கிக் கிடக்கும். விமானம் ஏறிய நாளில் உயிர்பெறும். மகன் கொடுத்த மனு ஏற்கப்பட்டிருந்தாலும் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம் அவருக்கு விசா தராது. இந்த ஆலோசனையைக் கேட்டுப் பயணச்சீட்டு வாங்கி, பிள்ளைகளை விட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழ நேர்ந்த பெற்றோர்கள் உண்டு என்பதால்தான் இதை இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஒருவர் ராணுவத்தில் சேர்ந்தால் குடும்பம் முழுவதற்கும் கிரீன் கார்டு என்பதும் உண்மையன்று. உங்களுக்காக மனுச் செய்யும் உரிமை மகனுக்குக் கிடைப்பது அவருடைய சீருடையால் அன்று. அவர் அமெரிக்கக் குடிமகன் என்பதாலும், 21 வயது நிரம்பியவர் என்பதாலும்தான். குடிமக்களின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், 21 வயது நிரம்பிய குடிமக்களின் பெற்றோர் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினர் என்று தனியாக வகைப்படுத்துகிறது. அவர்களுக்கு ஆண்டு உச்சவரம்போ வரிசையோ கிடையாது. ராணுவச் சேவை இதன்மேல் கூடுதலாகத் தரும் பெரிய உதவி ஒன்றே, அது உங்கள் வீட்டில் கணவருக்கு மட்டுமே பொருந்துகிறது. நீங்கள் மூவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தாலும், நாட்டுக்குள் எப்படி நுழைந்தீர்கள் என்பதையும் மகனுக்கு என்ன உறவு என்பதையும் பொறுத்து, மூவருக்கும் மூன்று வேறு வழிகள் அமைகின்றன.

உங்கள் வழியே மூன்றிலும் எளிது. விமான நிலையத்தில் அதிகாரி பரிசோதித்து உங்களை அனுமதித்தார். கிரீன் கார்டுக்கு உள்நாட்டிலேயே விண்ணப்பிக்க அந்த அனுமதி அடிப்படையானது. காலம் கடந்து தங்கியதும், அனுமதியின்றி வேலை செய்ததும் நெருங்கிய உறவினர் வகையினருக்குத் தடையாவதில்லை. மகன் உறவை நிறுவும் ஐ-130 மனுவையும், நீங்கள் கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 விண்ணப்பத்தையும் ஒரே உறையில் அனுப்பலாம். ஐ-693 மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும், 2024 டிசம்பர் முதல் கட்டாயமாகியிருப்பதால், உடன் வைக்க வேண்டும். முத்திரையுள்ள பழைய கடவுச்சீட்டையும், அந்நாளில் அதில் செருகிக் கொடுத்த ஐ-94 என்ற வெள்ளை நுழைவுப் பதிவுச் சீட்டையும் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அரசிடமிருந்தே நுழைவுப் பதிவைக் கேட்டுப் பெறலாம். ஒரு விஷயத்தை மட்டும் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்: போர்க்காலத்தில் நம்மவர் பலர் வேறொருவர் பெயரிலுள்ள கடவுச்சீட்டில் பயணம் செய்தார்கள். நீங்களும் அப்படி வந்திருந்தால் அது பொய்யுரைத்து நுழைந்ததாகக் கருதப்படும். அதற்கான மன்னிப்பைக் கோர, குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கும் கணவன், மனைவி அல்லது பெற்றோருக்கு ஏற்படும் கடும் துன்பத்தைக் காட்ட வேண்டும். மகனுக்கு ஏற்படும் துன்பம் அங்கே கணக்கில் வராது.

இனி உங்கள் கணவர். எல்லையில் எந்த அதிகாரியும் அவரைப் பரிசோதித்து அனுமதிக்கவில்லை என்பதால், மகன் மனுச் செய்தாலும் அவர் உள்நாட்டில் ஐ-485 கொடுக்க இயலாது. இந்த இடைவெளியை அடைப்பதற்காகவே ராணுவக் குடும்பங்களுக்கு 'பரோல் இன் பிளேஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. நாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பவருக்கு, அவர் இருந்த இடத்திலேயே பரோல் எனப்படும் தற்காலிக அனுமதியைக் கொடுத்து, சட்டம் கேட்கும் நுழைவு நிபந்தனையை நிறைவு செய்யும் வழி இது. யூ.எஸ்.சி.ஐ.எஸ். எனப்படும் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை 2013 நவம்பரில் இதற்கான கொள்கைக் குறிப்பை வெளியிட்டது; 2020 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் நாடாளுமன்றமும் இதன் முக்கியத்துவத்தை உறுதிப்படுத்தியது. பணியில் இருப்போர், தயார்நிலை ரிசர்வ் படையின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரிவினர், அவமதிப்புடன் பணிநீக்கம் செய்யப்படாத முன்னாள் வீரர்கள் ஆகியோரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மகன், மகள் ஆகியோர் இதைக் கேட்கலாம். உடன்பிறந்தோர் இதில் சேரமாட்டார்கள். வீரருக்கு 21 வயது ஆகவில்லை என்றாலும் பெற்றோர் பரோல் கேட்கலாம். கிரீன் கார்டு மனுவுக்குத்தான் அந்த வயது வரம்பு.

விண்ணப்பம் ஐ-131 படிவத்தில் செய்யப்படுகிறது. மகனின் பிறப்புச் சான்றிதழ், அவர் பணியில் இருப்பதற்கான ராணுவ அடையாள அட்டை நகல் அல்லது பணி ஆணை, கணவரின் அடையாள ஆவணங்கள், புகைப்படங்கள் ஆகியவற்றோடு, அவருடைய நற்பெயரைக் காட்டும் சான்றுகளையும் சேருங்கள்: வரி செலுத்திய பதிவுகள், கோயிலிலோ தேவாலயத்திலோ செய்த தொண்டு பற்றிய கடிதங்கள், மகனே கைப்பட எழுதிய விளக்கம். பரோல் ஓராண்டுக்குக் கிடைக்கும், புதுப்பிக்கலாம். அதை வைத்து வேலை அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் தாமதியாமல் ஐ-130, ஐ-485 இரண்டையும் கொடுத்துவிட வேண்டும். பரோல் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறினால் பரோல் முடிந்துவிடும் என்பதால், உறவினரின் இறுதிச் சடங்காக இருந்தாலும் பயணம் வேண்டாம்.

இது உரிமை அன்று, அதிகாரியின் விருப்பத்துக்குட்பட்ட சலுகை. ராணுவத்தில் பிள்ளை இருப்பது கைதிலிருந்து காக்கும் கவசமாகவும் இல்லை: 2025 ஜூனில் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் மூன்று மரீன் வீரர்களின் தந்தை ஒருவர் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே கைது செய்யப்பட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அவர் சட்டப்படி தங்க வழியில்லாத நிலையில் இருந்தால், குடியேற்ற நீதிமன்றத்துக்கு அழைப்பாணை அனுப்பும் நடைமுறையையும் யூ.எஸ்.சி.ஐ.எஸ். 2025 பிப்ரவரியில் விரிவாக்கியது. ஆகவே, தகுதி உறுதியாகத் தெரியாமல் படிவம் அனுப்பிப் பார்ப்போம் என்ற மனநிலை இன்று ஆபத்தானது.

அதற்காகவே, படிவத்தைத் தொடுவதற்கு முன்பு நான்கு விஷயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 2002க்குப் பிறகு கணவர் எப்போதாவது கனடாவுக்கோ இலங்கைக்கோ போய், மறுபடியும் அனுமதியின்றி எல்லை தாண்டி வந்தாரா? ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியபின் அப்படி நடந்திருந்தால், நிரந்தரத் தடை என்று சொல்லப்படும் பிரிவு பொருந்தும். பரோல் அதைச் சரிசெய்யாது. அடுத்து, அவர் பெயரில் பழைய வெளியேற்ற ஆணை ஏதும் இருக்கிறதா? எல்லையில் பிடித்துத் தாளைக் கையில் கொடுத்து விட்டுவிட்டார்கள், பிறகு நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்ற கதை நம் சமூகத்தில் சாதாரணமானது. ஆள் வராத நிலையிலேயே ஆணை பிறப்பிக்கப்பட்டிருக்கும். எல்லைக் காவல் துறை, யூ.எஸ்.சி.ஐ.எஸ்., குடியேற்ற நீதிமன்றம் ஆகிய மூன்றிடமும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அவருடைய கோப்பைக் கேட்பதே இதைத் தெரிந்துகொள்ளும் நம்பகமான வழி. மூன்றாவதாக, வேலையில் சேரும்போது நிரப்பிய ஐ-9 படிவத்தில் அமெரிக்கக் குடிமகன் என்ற கட்டத்தில் குறியிட்டாரா? தெரியாமல் கோடிட்ட அந்தக் குறி பலருடைய வழக்கைக் கெடுத்திருக்கிறது. குடிமகன் என்று பொய்யாகக் கூறியதற்குக் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் மன்னிப்பு மனு என்ற ஒன்றே கிடையாது.

நான்காவது கேள்வி இலங்கைத் தமிழர்களுக்கே உரியது, உங்களுக்கும் பொருந்தும். ஆயுதக் குழுக்களுக்குப் பணமோ உணவோ உழைப்போ கொடுத்ததுண்டா என்று ஐ-485 விரிவாகக் கேட்கிறது. விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 அக்டோபரில் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. வன்னியில் வாழ்ந்த குடும்பம் கட்டாய வரியாகக் கொடுத்த தொகையும் பொருளுதவி என்று எண்ணப்படக்கூடும். வற்புறுத்தலின்பேரில் கொடுத்தவர்களுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதைப் பெறுவதற்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்; மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் விலக்கும் போய், பொய் சொன்ன குற்றமும் சேரும்.

என் பரிந்துரை இது: கணவரின் கோப்புகள் வரும்வரை காத்திருக்கும் காலத்தில், வழக்கறிஞர் பார்வையிட்டபின் உங்கள் விண்ணப்பத்தை முதலில் அனுப்புங்கள். உங்கள் படிவத்தில் கணவரைப் பற்றிய விவரங்களும் கேட்கப்படும் என்பதையும் அறிந்தே இந்த முடிவை எடுக்க வேண்டும். இருந்தும் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பரோல் மறுக்கப்பட்டால் கணவருக்கு மிஞ்சும் வழி, ஐ-601ஏ எனப்படும் முன்கூட்டிய மன்னிப்பை இங்கிருந்தே பெற்று, அதன்பின் கொழும்பில் நேர்காணலுக்குச் செல்வது. அந்த மன்னிப்புக்கு, பத்தாண்டுப் பிரிவால் கடும் துன்பம் அடைபவர் கணவன், மனைவி அல்லது பெற்றோராக இருக்க வேண்டும். ராணுவத்தில் உள்ள மகன் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் கிரீன் கார்டு பெற்றுவிட்டால் அந்த இடத்தை நீங்கள் நிரப்புவீர்கள். உங்கள் அட்டை அவருடைய இரண்டாவது கதவாகிறது.

மகளுக்கு இவை எதுவும் நேரடியாகப் பயன்படாது. பெற்றோருக்கான மனுவில் பிள்ளைகளை இணைக்க முடியாது. தம்பி அக்காவுக்கு மனுச் செய்தால் அது நான்காம் முன்னுரிமை வரிசை, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். மகன் அந்த மனுவை இப்போதே போட்டுவைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நீங்கள் கிரீன் கார்டு பெற்றவுடன் திருமணமாகாத மகளுக்கு நீங்களே மனுச் செய்யுங்கள். அதுவும் நீண்ட வரிசைதான், எனினும் தம்பியின் வரிசையைவிடக் குறுகியது. உங்கள் மனு நிலுவையில் இருக்கையில், நீங்கள் குடியுரிமை பெறுவதற்கு முன்பு அவர் திருமணம் செய்தால் அது ரத்தாகிவிடும் என்பதை அவருக்கு இப்போதே சொல்லிவையுங்கள். அவருக்குச் சாதகமான செய்தி ஒன்றும் உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியற்ற தங்கல் கணக்கிடப்படுவதில்லை. டாகா நடைமுறையில் உள்ள காலமும் அதில் சேராது. 17 வயதிலிருந்து இடைவெளியே இல்லை என்றால், அவர் முறை வரும்போது பத்தாண்டுத் தடையின்றிக் கொழும்பு நேர்காணலுக்குச் சென்றுவர வாய்ப்பிருக்கிறது. எனவே ஒவ்வொரு புதுப்பிப்பையும் தவறாமல், முன்கூட்டியே செய்யுங்கள். பழைய ஒப்புதல் கடிதங்கள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். அவர் உண்மையாகவே ஓர் அமெரிக்கக் குடிமகனை மணந்தால், விசாவில் வந்தவர் என்பதால், உங்களைப் போலவே உள்நாட்டிலேயே விண்ணப்பிக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியில் மகன் தன் வருமானத்தைக் காட்ட வேண்டும். பணியில் உள்ள வீரர்களுக்கு வறுமைக் கோட்டு அளவில் 100 விழுக்காடு போதும் என்று பலர் சொல்வார்கள். அந்தச் சலுகை மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மட்டுமே. பெற்றோருக்கு 125 விழுக்காடு வேண்டும்: மணமாகாத மகனும் நீங்கள் இருவரும் சேர்ந்த மூவருக்கு 2025ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 33,312 டாலர். வரி விதிக்கப்படாத ராணுவ வீட்டுப்படியையும் வருமானமாகக் காட்டலாம். அப்படியும் குறைந்தால், குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கும் உறவினரோ நண்பரோ கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்திடலாம்.

மகன் தென் கொரியா செல்வதற்கு முன்பே அவருடைய பங்கை முடித்துவிடுங்கள். ராணுவத்தில் எல்லாவற்றுக்கும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் போவது வழக்கம். ஆனால் ஐ-130, ஐ-864 இரண்டிலும் அவருக்குப் பதிலாக அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு மற்றவர் கையெழுத்திடுவதை யூ.எஸ்.சி.ஐ.எஸ். ஏற்பதில்லை. மையால் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பிய பிரதி ஏற்கப்படும் என்பதால், அங்கிருந்தும் கையெழுத்துப் பெறலாம். எனினும் சம்பளச் சீட்டுகள், வரிப் பத்திரங்கள், பணி ஆணை நகல் ஆகியவற்றை இங்கிருக்கும்போதே வாங்கி வைப்பது எளிது. அவருடைய தளத்திலுள்ள சட்ட உதவி அலுவலகத்தில் ராணுவ வழக்கறிஞரை இலவசமாகச் சந்திக்கலாம். குடியேற்றச் சட்டத்தில் அவர்கள் எல்லோரும் தேர்ந்தவர்கள் அல்லர், ஆனால் தகுந்த வழக்கறிஞரிடம் அனுப்பிவைப்பார்கள். முகவரிடமோ, நோட்டரி என்று பலகை வைத்திருப்பவரிடமோ கோப்பைக் கொடுக்காதீர்கள்; மாநில உரிமம் பெற்ற வழக்கறிஞர் அல்லது நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி மட்டுமே உங்களுக்காக ஆலோசனை சொல்லிக் கையெழுத்திட உரியவர். படிவங்களின் பதிப்புத் தேதியையும் கட்டணத்தையும் அனுப்பும் நாளன்று ஒருமுறை சரிபாருங்கள். பழைய பதிப்பு என்ற ஒரே காரணத்துக்காக உறை திரும்பி வந்து, அதற்குள் மகன் கடல் கடந்திருந்தால், கையெழுத்துகளை மீண்டும் சேகரிக்க வேண்டியிருக்கும்.