ரேடியோ மூலம் இயக்கும் மாடல்களின் பேட்டரிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2200 மில்லி ஆம்பியர்-மணி, 3எஸ் (தொடராக மூன்று செல்கள்), 30சி என்று அச்சிட்ட லிபோ (லிதியம் பாலிமர்) பேட்டரி ஒன்றை விமான மாடலுக்காக வாங்கியிருக்கிறேன். கொள்ளளவை முப்பதால் பெருக்கினால் 66 ஆம்பியர் வருகிறது. சார்ஜரில் எந்த அளவை வைப்பது?

பதில்: பெருக்கல் சரிதான். ஆனால் அந்த 66 ஆம்பியர், பறக்கும்போது மோட்டார் இழுத்துக்கொள்ளக்கூடிய மின்னோட்டத்துக்குத் தயாரிப்பாளர் கூறும் உச்ச வரம்பு. அதுவும் பெரும்பாலும் தாராளமாகவே கூறப்படுவது. மின்னேற்றுவதற்கு உரியது 1சி, அதாவது கொள்ளளவை ஆம்பியரில் எழுதினால் வரும் அதே எண். உங்கள் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர். உறையில் 5சி வரை ஏற்றலாம் என்று அச்சிட்டிருந்தாலும், அவசரமில்லாத நாளில் 1சி-யைத் தாண்டாதிருப்பதே பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது.

மின்னோட்டத்தைவிட முக்கியமானது, சார்ஜரில் பேட்டரியின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. சாதாரண லிபோ செல் 4.20 வோல்ட்டில் நிறையும். உயர் மின்னழுத்த வகை 4.35 வோல்ட் வரை போகும். லிதியம் இரும்பு பாஸ்பேட் செல்லோ 3.6 வோல்ட் அளவிலேயே நிறைந்துவிடும். வகை மாறினால் மற்ற எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் பயனில்லை. லிபோ முறையில் சார்ஜர் முதலில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தும், செல்கள் 4.20 வோல்ட்டை எட்டியதும் அந்த மின்னழுத்தத்திலேயே பிடித்து நிறுத்தும். அதன்பின் செல் ஏற்கும் மின்னோட்டம் தானே குறைந்துகொண்டே போகும். ஆகையால் இறுதிக் கட்டத்தில் திரையில் 0.3 ஆம்பியர் மட்டும் தெரிந்தால், சார்ஜர் பழுதாகிவிட்டது என்று கருத வேண்டாம்.

கேள்வி: பேலன்ஸ் முறையில் ஏற்றினால் வெகு நேரம் பிடிக்கிறது. பெரிய இணைப்பை மட்டும் செருகி விரைவாக ஏற்றக்கூடாதா?

பதில்: கூடாது. 3எஸ் பேட்டரியில் மூன்று செல்கள் தொடராக இணைந்திருப்பதால், நிறைந்த நிலையில் மொத்தம் 12.6 வோல்ட் இருக்கும். பெரிய இணைப்பு வழியாக மட்டும் பார்க்கும் சார்ஜருக்கு இந்த மொத்தம்தான் தெரியும். ஒரு செல் 4.35 வோல்ட்டிலும், இன்னொன்று 4.20 வோல்ட்டிலும், மூன்றாவது 4.05 வோல்ட்டிலும் இருந்தால்கூட, கூட்டுத்தொகை 12.6 என்பதால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே அது முடிவுகட்டும். உள்ளேயோ முதல் செல் அளவுக்கு மீறி நிறைந்து, எதிர்மின்வாயின் மேல் லிதியம் உலோகமாகப் படியத் தொடங்கியிருக்கும். மின்பகுபொருள் சிதைந்து வாயுவாக மாறத் தொடங்கியிருக்கும். லிபோ தீவிபத்துகளில் பலவற்றுக்கு வழி திறப்பது இந்த நிலைதான். நான்கு கம்பிகள் கொண்ட சிறிய வெள்ளை இணைப்பு, ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியாக அளந்து, முந்திச் செல்லும் செல்லிலிருந்து சிறிதளவு மின்னை வடித்துச் சமப்படுத்துவதற்காகவே தரப்பட்டிருக்கிறது.

இதில் இன்னொரு பயனும் உண்டு. பறந்து முடித்து வந்தவுடன், ஏற்றுவதற்கு முன், செல்களின் மின்னழுத்தத்தைத் திரையில் பாருங்கள். வேறுபாடு 0.02 வோல்ட் அளவில் இருந்தால் கவலையில்லை. ஒவ்வொரு முறையும் அதே செல் 0.1 வோல்ட்டோ அதற்கு மேலோ தாழ்ந்து வந்தால், அந்தப் பேட்டரியை விமானத்தில் வைப்பதை நிறுத்திவிட வேண்டியதுதான். பேலன்ஸ் செய்தால் எண்கள் சமமாகுமே தவிர, நலிந்த செல் வலுப்பெறுவதில்லை.

கேள்வி: 6எஸ், 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 5 ஆம்பியர் வைக்கிறேன், சார்ஜர் 2 ஆம்பியரைத் தாண்ட மறுக்கிறது. சார்ஜர் 50 வாட் திறன் கொண்டது.

பதில்: விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. நிறையும் தறுவாயில் 6எஸ் பேட்டரி 25.2 வோல்ட்டில் இருக்கும். 5 ஆம்பியர் செலுத்த 126 வாட் தேவை. 50 வாட் சார்ஜர் ஏறத்தாழ 2 ஆம்பியர்தான் தர முடியும். பேட்டரிக்குத் தீங்கு எதுவுமில்லை, நேரம்தான் கூடும்.

கேள்வி: விடுமுறைக்காக நான்கு பேட்டரிகளையும் நிறைத்து வைத்தேன். வானிலை கெட்டதால் மூன்று வாரம் அப்படியே கிடக்கின்றன. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. பெரும்பாலான லிபோ பேட்டரிகள் பறந்து தேய்வதைவிட, அலமாரியில் நிறைந்த நிலையில் கிடந்தே அதிகம் கெடுகின்றன என்பது என் கருத்து. 4.20 வோல்ட்டில் இருக்கும் செல்லுக்குள் வேதி மாற்றங்கள் ஓய்வதில்லை. வெப்பம் சேர்ந்தால் அவை இன்னும் விரைவுபடும். உள்தடை கூடி, கொள்ளளவு குறையும். ஓரிரு நாளுக்குள் பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்தால், செல் ஒன்றுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை இறக்கி வைப்பதே முறை. இன்றைய சார்ஜர்கள் பெரும்பாலானவற்றில் ‘ஸ்டோரேஜ்’ என்ற பெயரில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது.

அதில் பொறுமை வேண்டும். 3எஸ், 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ 24 வாட்-மணி ஆற்றலைச் சேமிப்பது. அதில் பாதியளவை வடிக்க, சிறிய சார்ஜர்கள் தரும் 5 வாட் வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே பறக்கப்போகும் நாளன்று காலையில், அல்லது முந்தைய இரவில் மட்டும் நிறைத்துக்கொள்ளும் பழக்கம், வடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட எளிது.

கேள்வி: மாடலிலிருந்து கழற்ற மறந்துவிட்டதால், ஒரு செல் 2.6 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. சார்ஜர் ஏற்க மறுக்கிறது. நிக்கல் பேட்டரி முறையில் சிறிது ஏற்றிவிட்டுப் பிறகு லிபோ முறைக்கு மாறலாம் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: சார்ஜர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அளவுக்கு மீறி வடிந்த செல்லில், எதிர்மின்வாயைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கலாம். மீண்டும் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடங்களில் படிந்து, உள்ளேயே குறுக்கு இணைப்பை உண்டாக்கலாம். எவ்வளவு தாழ்ந்தது, எத்தனை நாள் அப்படிக் கிடந்தது என்பதைப் பொறுத்தே சேதத்தின் அளவு அமையும். வெளியிலிருந்து பார்த்து அறிய வழியில்லை. நண்பர் சொல்லும் முறை அந்தப் பாதுகாப்புத் தடையைச் சுற்றிச் செல்வது மட்டுமே. ஒரு பேட்டரியின் விலைக்காக அதைச் செய்யும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இனி இப்படி நேராதிருக்க, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் தானியங்கித் துண்டிப்பை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது மொத்த மின்னழுத்தத்தையே பார்ப்பதால், நலிந்த செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தாலும் கண்டுகொள்ளாது. மோட்டார் நின்ற பிறகும் கருவியும் ரிசீவரும் மின்னை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் செலவழிப்பதில்லை என்று வைத்துக்கொண்டு, டிரான்ஸ்மிட்டரின் கடிகாரத்தை அதற்கேற்ப அமையுங்கள். அடுத்த முறை மின்னேற்றும்போது 2200 பேட்டரிக்குள் 1760-க்கு மேல் திரும்பப் போயிருந்தால், பறக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: பேட்டரி உப்பிவிட்டது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாமா? உப்புநீரில் ஊறவைத்துக் குப்பையில் போடலாமா?

பதில்: குத்தக் கூடாது. உள்ளே இருப்பது காற்றன்று; மின்பகுபொருள் சிதைந்து உண்டான, எரியக்கூடிய வாயு. ஊசி படலங்களைத் துளைத்தால் குறுக்கு இணைப்பு ஏற்பட்டு அங்கேயே தீப்பிடிக்கலாம். உப்புநீர் முறை பல காலமாகச் சொல்லப்பட்டு வருவதுதான். ஆனால் நீர் முதலில் இணைப்பு முனைகளை அரித்துத் துண்டித்துவிட்டால், செல்லுக்குள் மின்சக்தி அப்படியே தங்கிவிடும். உறை கிழியாமல், சூடாகாமல் இருக்கும் 3எஸ் பேட்டரி என்றால், திறந்தவெளியில், கல் அல்லது மணலின் மேல் வைத்து, 12 வோல்ட் கார் பல்பு ஒன்றை இணைத்து முழுவதும் வடித்துவிட்டு, முனைகளைத் தனித்தனியே ஒட்டுநாடாவால் மூடி, பேட்டரிக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் மையத்தில் ஒப்படையுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி மின்னேற்ற வேண்டாம். நல்ல பேட்டரியையும் ஆளில்லாத அறையில் மின்னேற்றத்தில் விட்டுச் செல்ல வேண்டாம்.

கேள்வி: டிரான்ஸ்மிட்டரில் இருக்கும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியை ஒவ்வொரு முறையும் முழுவதும் வடித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அந்த வழக்கம் பழைய நிக்கல்-காட்மியம் காலத்திலிருந்து வந்தது. முழுவதும் வடிக்க முற்பட்டால், தொகுப்பிலுள்ள நலிந்த செல் முதலில் காலியாகி, மற்றவை அதன் வழியே மின்னைத் தள்ளுவதால் அது தலைகீழாக ஏறிக் கெட்டுப்போகும். எப்போதாவது செல் ஒன்றுக்கு 1 வோல்ட் வரை வடித்து ஏற்றினால் போதும். இவ்வகை நிறையும்போது மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டுச் சில மில்லி வோல்ட் சரியும். சார்ஜர் அந்தச் சரிவைக் கண்டே நிற்கிறது. மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் சரிவு தெளிவாகத் தெரியாது; ஆதலால் 0.5சி முதல் 1சி வரை வையுங்கள், அல்லது 0.1சி-யில் 14 முதல் 16 மணி நேரம் என்று நேரக் கணக்கில் ஏற்றுங்கள்.

கேள்வி: விமானப் பயணத்தில் லிபோ பேட்டரிகளைக் கொண்டுசெல்லலாமா?

பதில்: கைப்பையில் மட்டும், தனியாக எடுத்துச் செல்லும் லிதியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு. அதற்கு மேல் இல்லை. மேலே சொன்ன 6எஸ், 5000 பேட்டரி, பெயரளவு மின்னழுத்தமான 22.2 வோல்ட்டும் 5 ஆம்பியர்-மணியும் சேர்ந்து 111 வாட்-மணி ஆவதால், ஒப்புதல் தேவைப்படும். முனைகளை மூடி, ஸ்டோரேஜ் அளவிலோ அதற்குக் கீழோ இறக்கி எடுத்துச் செல்லுங்கள். எண்ணிக்கை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.