கால் எட்டாத சாய்வு டிரைக்: கேள்வி-பதில்

அண்ணன் ஓட்டிய சாய்வு டிரைக் (சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள்) எனக்கு வந்திருக்கிறது. அவர் ஆறடி, நான் ஐந்தடி. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, அல்சூர்

பெடலைத் தாங்கும் முன்குழாயிலிருந்து. பூம் என்பார்கள். போல்ட்டுகளை ஆலன் கீயால் தளர்த்தி உள்ளே தள்ளுங்கள். வழக்கமாகப் போடும் ஷூவோடு, முதுகு சீட்டில் ஒட்ட உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் தொலைவில் போகும்போது முழங்கால் நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்தால் லேசாக மடங்கும், அதுதான் அளவு. முட்டியின் முன்பக்கம் வலித்தால் பூம் அதிகம் உள்ளே போய்விட்டது. பின்பக்கம் வலித்தால் இன்னும் எட்டவில்லை.

இறுக்குமுன் எதிரே நின்று பாருங்கள். கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுற்றும் அச்சு, முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாய்க்கு இணையாக இருக்க வேண்டும். ஒருமுறை இதைப் பார்க்காமல் கப்பன் பார்க்கில் மூன்று சுற்று போனேன். இரண்டு நாள் இடுப்பு பேசியது.

பூமைத் தள்ளினேன், செயின் தொங்குகிறது. எவ்வளவு வெட்டலாம்?
- வாசகர், ஜாலஹள்ளி

நகர்த்தியதைப் போல இரண்டு மடங்கு. செயின் போகவும் வரவும் ஓடுகிறதல்லவா! 5 செ.மீ. தள்ளினால் 10 செ.மீ. மிச்சம். ஒரு கண்ணி 12.7 மி.மீ.; ஆக 8 கண்ணிகள். ஜோடி ஜோடியாகத்தான் எடுக்க முடியும். வெட்டுமுன் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தில் செயினைப் போட்டு நீளம் போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் செயினைக் கியர் மாற்றும் டீரெய்லர் பிய்ந்துவிடும். எடுத்த துண்டை வீசாதீர்கள். நாளைக்கே அண்ணன் வந்து கேட்பார்.

பூமுக்குப் பதில் சீட்டை முன்னால் தள்ளினால்?
- வாசகர், பானசவாடி

உங்கள் மாடலில் சீட் நகருமென்றால் செயினைத் தொட வேண்டாம், சௌகரியம்தான். ஆனால் எடை முன்னால் போகும். வேகத்தடைக்கு முன் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தூக்கும்.

170 மி.மீ. கிராங்கை 152 ஆக மாற்றலாமா?
- வாசகி, அல்சூர்

தாராளமாக. முழங்கால் மடக்கம் குறையும். ஆனால் பெடல் 18 மி.மீ. கிட்டே வந்துவிடுவதால், பூமை அவ்வளவு வெளியே இழுக்க வேண்டும். அதனால் முதலில் கிராங்க், அப்புறம் பூம், கடைசியில் செயின். மேட்டில் கியரையும் ஒரு படி இறக்குங்கள்.

சாதா பெடல் போதுமா?
- வாசகர், இந்திராநகர்

போதாது. கால் நழுவித் தரையில் பட்டால் ஓடும் வண்டி அதை அடியில் இழுத்துவிடும். குதிகாலைப் பெடலோடு பிடித்துவைக்கும் வாராவது மாட்டுங்கள்.