முடிவில்லா நிலம், உருண்டை உலகம்: வீடியோ கேம் கேள்வி–பதில்

மைன்கிராஃப்டில் எந்தத் திசையில் நடந்தாலும் நிலம் வந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவையும் எங்கே வைத்திருக்கிறார்கள்?

எங்கும் வைத்திருக்கவில்லை. நீங்கள் நெருங்கும்போதுதான் கணக்குப் போட்டு உருவாக்குகிறார்கள். ஒவ்வொரு உலகத்துக்கும் சீட் என்றொரு எண் உண்டு. அதையும் இடத்தின் ஆயத்தொலைவுகளையும் ஒரு சூத்திரத்தில் போட்டால், அங்கே மலையா பள்ளமா என்ற விடை வரும். எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான். இதைச் சொந்தமாக எழுதிப் பார்ப்பவர்கள் பலர், ரேண்டம் எண்களை வரிசையாக எடுத்துக்கொண்டே போய்ச் சறுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் கிழக்கிலிருந்து வருபவருக்கு ஒரு மலையும் மேற்கிலிருந்து வருபவருக்கு வேறொரு மலையும் முளைக்கும்.

நிலம் 16-க்கு 16 கனசதுரக் கட்டைகள் கொண்ட துண்டுகளாகப் பிறக்கிறது. பிறந்த துண்டு டிஸ்கில் எழுதப்பட்டுவிடும். முன்பெல்லாம் பழைய உலகைப் புதிய பதிப்பில் திறந்தால், பழைய துண்டும் புதுத் துண்டும் சேருமிடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக ஒரு சுவர் நின்றதற்கு இதுவே காரணம். 1.18 பதிப்பிலிருந்து அந்த இணைப்பை இழைத்துவிடுகிறார்கள்.

உண்மையில் முடிவும் உண்டு. நடுவிலிருந்து ஏறத்தாழ 3 கோடி கட்டை தூரத்தில் எல்லை. ஒரு கட்டை ஒரு மீட்டர் என்றால் மொத்தப் பரப்பு 360 கோடி சதுர கிலோமீட்டர், பூமியைப்போல் 7 மடங்கு. 2011-இல் வந்த பீட்டா 1.8-க்கு முன்பு, சுமார் 1.25 கோடி கட்டை தூரத்திலேயே நிலம் துளைத்தெடுத்த பெருஞ்சுவராக மாறிவிடும். அதற்கு ஃபார் லேண்ட்ஸ் என்று பெயர். சூத்திரத்துக்குள் தூரம் சுமார் 171 மடங்காகப் பெருகி, 32 பிட் முழு எண் தாங்கக்கூடிய 214,74,83,647-ஐ அங்கே தாண்டிவிடுகிறது.

கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் பெரிய திறந்த உலகம் செய்கிறேன். தொடக்கப் புள்ளியில் எல்லாம் சரி. 50 கி.மீ. தள்ளிப் போனால் கையிலிருக்கும் பொருள் நடுங்குகிறது. ஏன்?

யூனிட்டி இடத்தைக் குறித்துவைக்கும் தசம எண் வடிவமான 32 பிட் ஃப்ளோட்டில் துல்லியத்துக்கு 24 பிட்தான் இருக்கிறது. எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் பெரிதாகும். 10 கி.மீ.யில் அது ஏறத்தாழ 1 மி.மீ., 50 கி.மீ.யில் 4 மி.மீ., 1000 கி.மீ.யில் 6 செ.மீ. பூமியின் ஆரமான 6371 கி.மீ. தூரத்தில் அரை மீட்டர்! கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள பொருள் 4 மி.மீ. தாவினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மருந்து ஒன்றுதான்: ஆட்டக்காரரைத் தொடக்கப் புள்ளியை விட்டு அதிக தூரம் போகவிடாதீர்கள், உலகத்தை நகர்த்துங்கள். இடத்தை இரண்டாகப் பிரித்து வையுங்கள். எந்தக் கட்டம் என்பது முழு எண், கட்டத்துக்குள் எவ்வளவு தூரம் என்பது ஃப்ளோட். ஆட்டக்காரர் 4 கி.மீ. தாண்டியதும், காட்சியிலுள்ள எல்லாவற்றையும் ஒரே ஃபிரேமில் அதே அளவு பின்னுக்குத் தள்ளுங்கள். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் விண்கலங்களை உலுக்கி உடைத்த பிழைக்கு ஆட்டக்காரர்கள் கிராக்கன் என்று பெயரிட்டிருந்தார்கள். அதை அடக்கியதும் கலத்தை நிறுத்திவிட்டு உலகத்தை நகர்த்தும் இந்த வழிதான்.

அப்படித் தள்ளும்போது எவை விட்டுப்போகும் என்பதை இப்போதே பட்டியல் போடுங்கள். உலக ஆயத்தில் பறக்கும் புகைத் துகள்கள், வண்டிக்குப் பின்னால் வரும் தடக் கோடுகள், வழிதேடும் வரைபடம், முந்தைய ஃபிரேமின் இடத்தை நினைவில் வைத்திருக்கும் இயற்பியல் கணக்கு. உலக இடத்தைக் கொண்டு வடிவம் வரையும் ஷேடர் (திரையில் நிறம் தீட்டும் சிறு நிரல்) இருந்தால், தள்ளும் அளவு அந்த வடிவம் திரும்ப வரும் நீளத்தின் முழு மடங்காக இருக்கட்டும், இல்லையென்றால் தரையின் படம் சட்டென்று குதிக்கும். பலர் சேர்ந்து ஆடும் கேமில் ஒவ்வொருவருக்கும் தொடக்கப் புள்ளி வேறு. நெட்வொர்க்கில் கட்ட எண்ணும் சேர்ந்தே போகவேண்டும்.

பழைய ரோல் பிளேயிங் கேம்களில் வரைபடத்தின் வலது ஓரத்தில் போனால் இடதில் வருகிறோம், மேலே போனால் கீழே வருகிறோம். அது உருண்டைதானே?

இல்லை, மெதுவடை. ஒரு தாளின் இடது வலது ஓரங்களை ஒட்டினால் குழாய், குழாயின் இரண்டு வாய்களையும் சேர்த்தால் நடுவில் ஓட்டையுள்ள வடை. உண்மையான உருண்டையில் வட துருவத்தைத் தாண்டினால் தென் துருவத்துக்கு வரமாட்டீர்கள். பாதிச் சுற்று தள்ளியுள்ள தீர்க்கரேகையில், தெற்கு நோக்கி இறங்குவீர்கள். 1979-இல் வந்த ஆஸ்டெராய்ட்ஸின் திரையும் வடைதான்.

எழுதும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. சி, ஜாவா போன்ற மொழிகளில் -1-ஐ 100-ஆல் வகுத்து மீதி கேட்டால் -1 என்றே வரும். 100-ஐக் கூட்டி மறுபடியும் மீதி எடுங்கள். இரண்டாவது, தூரம். வித்தியாசம் அகலத்தில் பாதியைத் தாண்டினால், அகலத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால், ஓரத்துக்கு அந்தப்புறம் இரண்டடியில் நிற்கும் எதிரி உங்களைப் பிடிக்க உலகத்தையே சுற்றி வருவான்.

அப்படியானால் அறுகோணக் கட்டங்களால் நிஜ உருண்டையை மூடலாமா?

அறுகோணங்களால் மட்டும் முடியாது. ஒவ்வொரு முனையிலும் மூன்று கட்டங்கள் சேர்ந்தால் சரியாக 12 ஐங்கோணங்கள் வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கால்பந்தில் 20 வெள்ளை அறுகோணங்களுக்கு நடுவே 12 கறுப்பு ஐங்கோணங்கள் இருப்பதும் அதனால்தான். உங்கள் உலகின் ஐங்கோணங்களைக் கடலிலோ பனியிலோ ஒளித்துவிடுங்கள்.

நிலப்பரப்பு வரைய எனக்குப் பிடித்தது கனசதுரத்தை ஊதி உருண்டையாக்கும் முறை. ஆறு முகங்கள், ஒவ்வொன்றும் சதுரக் கட்டம். வெறுமனே ஊதினால் மூலைக் கட்டம் நடுக் கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஊதுமுன் ஆயங்களைக் கோணமாக எண்ணி டேன்ஜெண்ட் எடுத்தால், மிகப் பெரிய கட்டத்துக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.4-இல் நிற்கும். எட்டு மூலைகளில் மட்டும் நான்குக்குப் பதில் மூன்று கட்டங்கள் சந்திக்கும். பக்கத்துக் கட்டத்தைத் தேடும் நிரல் உடைவது பெரும்பாலும் அங்கேதான், முதலில் அந்த எட்டையும் சோதியுங்கள்.

சின்னக் கிரகத்தில் எவ்வளவு தூரம் வரை வரையவேண்டும்?

ஆரத்தையும் கண்ணின் உயரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுங்கள். 1.7 மீட்டர் உயரத்திலிருந்து பூமியில் தொடுவானம் 4.7 கி.மீ. 1 கி.மீ. ஆரமுள்ள கிரகத்தில் வெறும் 58 மீட்டர். ஆனால் 58-இல் நிறுத்திவிடாதீர்கள். அங்கே 20 மீட்டர் மரம் இருந்தால் அதற்கும் அதே கணக்கில் 200 மீட்டர் வரும். இரண்டையும் கூட்டி 258 மீட்டர் வரை வரைந்தால்தான் மரத்தின் உச்சி திடீரென்று முளைக்காமல் மெல்ல எழும்பி வரும்.